வால்வுக்கு ஒரு சாண் தள்ளி

வூலா சைக்கிள் வால்வில் எச்சில் தொட்டு வைக்கும்போது எதிரே நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வைப்பாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தோய்த்து, வால்வின் வாயில் ஒரு சொட்டு. குமிழி விட்டால் வால்வு கசிகிறது. விடாவிட்டால் ஓட்டை டியூபில். வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் எவனாவது கை கழுவியிருப்பான். அதற்குத் தன் எச்சில் எவ்வளவோ தேவலை.

"ஐயே, வூலா," என்பான் பாஸா. வாசலில் குப்பை வண்டிகளை எடை போடுகிறவன். "அந்த விரலாலதானே எனக்கு பிஸ்கட் எடுத்துக் குடுத்த?"

"நீ காலையிலேருந்து எதை எதைத் தொட்டேன்னு நான் கேட்டேனா? பேசாம தின்னு."

வரிங்காவின் குப்பைமேட்டு வாசலில், எடைமேடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. ஊரார் வீசுவதில் விற்கக்கூடியதைப் பொறுக்கித் துடைத்து விற்கிற கடை. அதன் பின்மூலையில் வூலாவின் பலகை. இங்கே பிப்ரவரி நடுக்கோடை; அந்த வெயிலில் தகரம் முறுக்கிக்கொண்டு சடசடக்கும். காற்று மேட்டுப் பக்கமிருந்து திரும்பினால் அழுகிய முலாம்பழமும் குழந்தைத் துணியும் நாயின் பிணமும் கலந்த வாடை கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வூலாவுக்கு அந்த வாடை பழகிவிட்டது. பழகாதது மனிதர்கள்தான்.

ஒரே ஒரு ஓட்டைக்காக முழு சைக்கிளையும் தூக்கிப் போடுகிறவர்கள். ஒட்டுப் போட நேரமில்லாமல் டியூபில் சூயிங்கத்தை அப்பி, அதன்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரைச் சுற்றியவன் ஒருவன். இன்னும் மோசம், அந்தப் பச்சைக் குழம்பு. வால்வு வழியாக உள்ளே ஊற்றினால் ஓட்டை தானாக அடைந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். பாதி நாளில் அடையாது. வூலா வால்வைத் திறந்ததும் சளி மாதிரிப் பீய்ச்சி அவள் தாடையில் அடிக்கும். "நெஞ்சுச்சளி வைத்தியம்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

வால்வைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். தடித்த வால்வு என்றால் கார் டயரில் இருப்பது போன்றது. பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றடித்துக்கொள்ளலாம். பழத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடித்ததால் லைசென்ஸ் பறிபோனவர்கள். ஒல்லி வால்வு என்றால் பல் மருத்துவர், வங்கி மேலாளர், ஞாயிற்றுக்கிழமை உடம்போடு ஒட்டிய பளபளப்பு உடுப்பில் ஆற்றோரம் கூட்டமாகப் போகிறவர்கள். அந்த வால்வின் தலையில் குட்டி நட்டு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அப்பாவின் சைக்கிளை இரவல் வாங்கும் மகன்களுக்கு அது தெரியாது. பங்கில் கொண்டுபோய்த் திணித்து வால்வை வளைத்துவிடுவார்கள். வளைந்த வால்வோடு சைக்கிள் குப்பைக்கு வரும். ஒருத்தன் ஒல்லி ஓட்டையில் தடித்த வால்வு நுழையட்டும் என்று ரிம்மையே துளைத்துப் பெரிதாக்கியிருந்தான். துளையின் ஓரத்தை ராவிவிடக்கூட இல்லை. பிசிறு டியூபை அறுத்துக்கொண்டே இருந்தது. "எத்தனை டியூப் மாத்தினாலும் நிக்கல, கம்பெனி மோசம்" என்றான். கம்பெனி என்ன செய்யும்?

அவள் முழுப்பெயர் ஸ்டவ்ரூலா. ஒன்பது வயதில் கிரேக்கத்து மலைக்கிராமத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்து, இந்த ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டத்தில் இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பையன்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உப்பிலிட்ட ஆலிவ். இரண்டு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அருவருப்பு என்றால் என்ன என்பதை அவள் முதலில் கற்றது அடுத்தவர் முகத்திலிருந்துதான். பிறகு அதைத் தன் முகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்றுவரை இறக்கி வைக்கவில்லை.

தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை பாதையெல்லாம் நெருஞ்சி. இங்கே அதற்குப் பூனைத்தலை என்று பெயர். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். "டியூப் வாங்கக் காசு இல்ல, காலு ரெண்டும் எதுக்கு இருக்கு?" என்பார் அப்பா. பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் ஒருவர் இறந்தபோது அவர் வீட்டில் கழித்துக் கட்டிய சாமான்களில் பஞ்சர் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா. உப்புத்தாள் துண்டு, சொல்யூஷன், கொஞ்சம் ஒட்டு, சாக்பீஸ். மீதியை வூலா தானாகவே கண்டுபிடித்தாள். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷனைத் தடவி, உடனே ஒட்டிவிடக் கூடாது. காய விட வேண்டும். விரல் வைத்தால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒட்டு. அந்தக் காத்திருப்பு எந்த ஆணுக்கும் வராது என்பது அவள் முடிவு. அவள் கணவன் பண்டலிஸுக்கும் வரவில்லை. திராட்சை விலை ஏறும் ஏறும் என்று இருந்தவன், ஏறுவதற்கு முந்தைய வருஷம் பொறுமை போய்க் கொடிகளைப் பிடுங்கித் தோட்டத்தை விற்றான். அடுத்த வருஷம் இருதயம் நின்று செத்துப்போனான். அவள் வேலை பார்த்த பழ டப்பாத் தொழிற்சாலையும் மூடிக்கொண்டது. அதன் பிறகு இந்தக் கொட்டகை.

டயரில் முள் தேடுவதற்கு அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சக்கரத்தைத் தொட்டதும் முதலில் சுழற்றி வால்வை மேலே கொண்டுவருவாள். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இருக்கும் இடம். இடது கட்டைவிரலை வால்வில் ஊன்றிக் கையை விரிப்பாள். சுண்டுவிரல் எங்கே விழுகிறதோ அங்கிருந்து வலது கட்டைவிரலால் டயரைத் தடவிக்கொண்டே சுற்றி வருவாள். வால்வடியில் டியூப் தடிமனாக இருக்கும், அங்கே முள் தேட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். இதை ஊரில் யாரும் செய்வதில்லை. கற்றுக்கொடுத்தால் உட்கார்ந்து கேட்கவும் ஆளில்லை, ஒருவனைத் தவிர. மகன் தெமி. சின்ன வயதில் பிடிவாதமாக அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் கைமேல் தன் கையை விரித்துக் கற்றுக்கொண்டான். அப்போது அவன் சுண்டுவிரல் அவளுடைய நடுவிரல்வரைகூட எட்டவில்லை.

இப்போது அவனுக்கு முப்பத்துநாலு. மனைவி விட்டுவிட்டுப் போன பிறகு அம்மாவின் பின்னறையில் இருந்தான். தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற கான்டிராக்டரிடம் வேன் ஓட்டினான். தீவுகளிலிருந்து பழம் பறிக்க வருகிறவர்களை ஊருக்கு வெளியே ஒரு பழைய விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து திராட்சைத் தோட்டத்துக்கு வேன். வேன் கூலியை வாராவாரம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த விடுதியிலிருந்துதான் லெய்மாரா வந்தாள். வனுவாட்டுத் தீவுக்காரி, முப்பதைத் தொடாதவள். முதல் நாள் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு நீலச் சைக்கிளைக் காட்டி, "இது ஓடுமா?" என்றாள்.

"ஓட்டினா ஓடும்," என்றாள் வூலா. "வேன் இருக்கே, உனக்கு எதுக்கு சைக்கிள்?"

"அந்த வேன்ல ஏறினா வாந்தி வருது வூலாம்மா. ஜன்னல் திறக்காது. சீட்ல யாரோ எப்பவோ ஊத்துன மீன் குழம்பு நாறுது. ரெண்டு தடவை என் தொப்பியிலயே வாந்தி எடுத்தேன்."

வூலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த ஒரு பதிலில்தான். வேனின் நாற்றத்தை அவளும் அறிவாள். தெமியின் சட்டையில் அது வீட்டுக்கு வரும். கையால் துவைத்தாலும் போகாது.

"எச்சில் தொட்டு வைப்பேன். முகம் சுளிக்கக் கூடாது."

"எங்க ஊர்ல நாங்க குழந்தைக்கு மென்னு ஊட்டுவோம்," என்றாள் லெய்மாரா. "நீங்க துப்புங்க."

லெய்மாராவைப் பார்த்து மற்ற பெண்களும் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் விடுதி வேலியில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. எல்லாம் வூலாவின் கைபட்டவை. எல்லாம் தடித்த வால்வு. ஒவ்வொன்றின் டயரிலும் கம்பெனிப் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேரே வருமாறு பூட்டியிருப்பாள். டியூபில் ஓட்டை கிடைத்தால் டயரில் முள் எங்கே என்று உடனே தெரியவேண்டும், அதற்காக.

வேன் பாதி காலியாக ஓடத் தொடங்கியது.

பஞ்சர் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் ஒருத்தி, அடுத்த நாள் மூன்று பேர், அப்புறம் தினமும். வூலா திட்டினாள்.

"பாதையைப் பாத்து ஓட்டத் தெரியாதா? பூனைத்தலை மேல ஏத்துனா டயர் என்ன பண்ணும்? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

"முள்ளுக் காடு வர்ற இடத்துல நான் சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போறேன்," என்றாள் லெய்மாரா. "இத பாருங்க, தோள்பட்டை. தழும்பு."

"அப்போ முள்ளு வானத்துலேருந்து விழுதா?"

மற்ற பெண்கள் அலுத்துப்போய் வேனுக்கே திரும்பினார்கள். லெய்மாரா திரும்பவில்லை. காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போனாள், போய்ச் சேருவதற்குள் பறிப்பு தொடங்கிவிட்டது. வெயிலுக்கு முன்னால் பறித்தாக வேண்டும் என்பதால் அங்கே விடியலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். மேற்பார்வை பார்க்கிற ஜெனின் நல்ல மாதிரிதான், ஆனால் அவளுக்கு ஒரே சட்டம். மூன்று முறை பிந்தினால் அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டாள். லெய்மாரா இரண்டு முறை பிந்திவிட்டாள்.

"அடுத்த வருஷம் வரலேன்னா என் தம்பி படிப்பு நின்னுபோயிடும்," என்று சொல்லிவிட்டு லெய்மாரா உடனே பேச்சை மாற்றினாள். "ஒட்டு காஞ்சுதா?"

"காயல. தொடாத."

அந்த வாரம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது தெமி வலது கட்டைவிரலை நீட்டினான். "மா, முள்ளு. எடுத்து விடேன்." நகத்துக்கடியில் கருப்பாக ஒரு முனை ஒடிந்து நின்றது. வூலா ஊசியை அடுப்பில் காட்டிச் சுட்டு, அவன் விரலை விளக்கடியில் பிடித்து எடுத்தாள். சீழ் கொஞ்சம் வந்தது. "தூ, தூ, தூ," என்று அவன் தலையைச் சுற்றித் துப்புவதுபோல் செய்தாள், கண்ணேறு படாமலிருக்க. அவன் சிரித்தான். "இன்னும் நான் குழந்தையா மா?" ஆமாம் என்றாள்.

மறுநாள் லெய்மாராவின் முன்சக்கரம் மறுபடி பலகைக்கு வந்தது. முன்சக்கரம்! பாரம் பின்னால் இருக்கும்போது முள் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் ஏறும். வூலா வால்வை மேலே திருப்பி, கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தாள். சுண்டுவிரலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி முள் கிடைத்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. டயரின் பள்ளத்துக்குள் ஆழமாக, நேராக, அமுக்கி வைத்தது போல. வண்டி ஓடும்போது ஏறிய முள் இப்படி நேராக நிற்காது. சாய்ந்து, தலை தேய்ந்து நிற்கும்.

அவள் எழுந்துபோய்ப் பீப்பாயைக் கவிழ்த்தாள். ஒட்டிப் பயனில்லை என்று அந்த மாதம் வீசிய டியூப்கள் எல்லாம் அதில் இருந்தன. பச்சைக் குழம்பு வடிந்தவை, ஈ மொய்த்தவை. அவற்றில் விடுதிச் சைக்கிள்களுடையதை ஒவ்வொன்றாக எடுத்து, வால்வு மேலே இருக்குமாறு தரையில் வரிசையாகப் போட்டாள். ஓட்டைகளைச் சாக்பீஸால் ஏற்கெனவே வட்டமிட்டிருந்தாள். வட்டங்கள் எல்லாம் வால்வுக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. வழியில் கிடக்கிற முள்ளுக்கு வால்வு எங்கே என்று தெரியாது. சுற்றிலும் சிதறித்தான் குத்தும்.

ஒரு சாண். அவள் சாண் இல்லை. அதைவிட இரண்டு விரற்கடை பெரிய கையின் சாண்.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் காலையில் குடித்த காப்பியை வாந்தியெடுத்தாள்.

"என்ன வூலா, மேட்டு நாத்தமா?" என்று கேட்டான் பாஸா. "இன்னிக்குக் காத்து இந்தப் பக்கமே இல்லையே."

"இல்ல," என்றாள்.

அன்று மாலை பருப்பு சூப் வைத்தாள். தெமி தட்டில் குனிந்து ரொட்டியை முக்கித் தின்றான். அவன் மெல்லும் சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளை மெல்லுகிற சத்தம் அருவருப்பாக இருக்கலாமா? இருந்தது.

"விடுதிக்கு எப்பவும் சீக்கிரமே போயிடுறியாமே."

"வேனைத் துடைக்க வேண்டாமா?"

"துடைச்ச வேன் இப்படியா நாறும்? விரலைக் காட்டு."

அவன் காட்டவில்லை. கொஞ்ச நேரம் சூப்பைக் கிளறினான். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் கத்துக்குடுத்த கை அது."

"மா, வேன் நிறையலேன்னா டிரைவர் வேணாம்னு கான்டிராக்டர் சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்? நீயும் சைக்கிளா குடுத்துக்கிட்டே இருந்த. என் வேலையை நீதானே காலி பண்ண. ஒரு பஞ்சர்தானே! யாரு செத்தா?"

"அவ பேரு போயிடும்டா. இன்னும் ஒரு தடவை லேட்டானா அடுத்த வருஷம் கிடையாது."

"வேன்ல ஏறச் சொல்லு. எல்லாரும் ஏறலையா? அவளுக்கு மட்டும் என்ன மூக்கு நீளம்? நான் இங்கேயே கிடக்கணும் மா. அவ ஊருக்குப் போயிடுவா." பிறகு சின்னக் குரலில், "யார்கிட்டயும் சொல்லாத," என்றான். மடியில் உட்கார்ந்திருந்த காலத்துக் குரல். அதை இப்போது அவன் எடுத்துப் பயன்படுத்தியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

"இனிமே செய்யாத," என்றாள்.

"சரி."

அவன் சரி என்றதை அவள் நம்பவில்லை. நம்பியதுபோல் நடந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பழைய டியூப்களை நீளவாக்கில் கிழித்து, லெய்மாராவின் முன்டயருக்குள் இரண்டு அடுக்காகப் பட்டை வைத்து மூடினாள். எந்த முள்ளும் அதைத் தாண்டாது.

"புதுசா என்னமோ பண்றீங்களே?" என்று கேட்டாள் லெய்மாரா.

"வெயில் ஜாஸ்தி. டயருக்கு நல்லது." வாயில் வந்த பொய் அவளுக்கே நாறியது.

சில நாள் சக்கரத்தில் காற்று நின்றது. லெய்மாரா நேரத்துக்குப் போனாள். வாழை இலையில் சுற்றிச் சுட்ட கிழங்கு மாவுக் கட்டி ஒன்றை வூலாவுக்கு வைத்துவிட்டுப் போனாள். வூலா அதைத் தின்ன முடியாமல் பாஸாவிடம் கொடுத்தாள். நன்றாயிருக்கிறது என்று அவன் விரலை நக்கினான்.

பிறகு ஒரு மதியம் லெய்மாரா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பலகைமேல் சாய்த்தாள். உட்காரவில்லை.

"முடிஞ்சுது வூலாம்மா. மூணாவது தடவை. ஜெனின் சொல்லிட்டா."

வூலா முன்சக்கரத்தைத் திருப்பினாள். டயரில் முள் இல்லை. விரலை நாக்கில் தோய்த்து வால்வின் வாயில் வைத்தாள். குமிழி வரவில்லை. எச்சில் உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. குனிந்து பார்த்தாள். உள்ளே இருக்க வேண்டிய ஊசியும் ஸ்பிரிங்கும் இல்லை, பல் பிடுங்கிய வாய் மாதிரி வெறும் துளை. வால்வின் உள்பாகத்தைக் கழற்ற ஒரு சின்னச் சாவி வேண்டும். அவளுடைய சாவி பலகைக்கு மேலே ஆணியில் தொங்கும். நிமிர்ந்தாள். ஆணி மட்டும் இருந்தது.

மறுநாள் விடியும்போது பாஸாவின் வண்டியில் தோட்டத்துக்குப் போனாள். பின்னால், வேனுக்குத் திரும்பிய ஒருத்தி விட்டுப்போன, முள் இன்னும் எடுக்காத சக்கரமும், சாக்கில் கட்டிய டியூப்களும்.

"என்னன்னு சொல்லாம இழுத்துக்கிட்டு வந்திருக்க. என் டீயைக்கூடக் குடிக்கல," என்று பாஸா முணுமுணுத்தான்.

"வந்து பாரு. அப்புறம் டீயே இறங்காது."

திராட்சைக் கொட்டகை வாசலில் வேன் நின்றது. பெண்கள் இறங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனின் கத்தரிக்கோல்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லெய்மாராவும் நின்றாள். இந்தப் பருவம் முடியும்வரை வேலை உண்டு, வேனில் வந்திருந்தாள். தொப்பி அவள் கையில் கவிழ்ந்திருந்தது.

வூலா சக்கரத்தை மகனிடம் நீட்டினாள். "தெமி, இதுல முள்ளு எங்கன்னு பாரு. என் கண்ணு இன்னிக்குச் சரியில்ல."

"மா, இங்க வந்து என்ன..."

"பாருடா. எல்லாரும் நிக்கிறாங்க."

எல்லாரும் பார்த்ததால்தான் அவன் வாங்கினான். வாங்கிய கை தானாகச் சக்கரத்தைச் சுழற்றியது. வால்வு மேலே வந்து நின்றது. இடது கட்டைவிரல் வால்வில் ஊன்றியது, கை விரிந்தது, சுண்டுவிரல் டயர்மேல் இறங்கியது. முள்ளின் மேல்.

அவன் அப்படியே நின்றான். கையை எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுபோல.

வூலா சாக்கை அவிழ்த்து டியூப்களைச் சிமெண்டுத் தரையில் கொட்டினாள். ஒவ்வொன்றின் வால்வையும் மேல்பக்கம் திருப்பி வைத்தாள். "ஜெனின், இதப் பாரு. வால்வுக்கு எல்லாத்துலயும் ஒரே தூரத்துல ஓட்டை. அவன் கை வெச்சிருக்கிற தூரம். இவங்க யாரும் முள்ளுமேல ஓட்டல. என் பையன் விடுதியில வெச்சே குத்துனான், இவங்க வேன்ல ஏறணும்னு. நேத்து வால்வையே பிடுங்கிட்டான். அந்தச் சாவி அவன்கிட்டதான் இருக்கு."

ஒரு பெண் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

ஜெனின் டியூப்களைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வேலை நேரம் போகிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது. "பஞ்சருக்கா இவ்வளவு பெரிய கூத்து," என்றாள். பிறகு, "சரி. லெய்மாரா லேட்டானதை நான் கணக்குல எடுக்கல. அடுத்த பருவத்துக்கு வரலாம். ஆச்சா?" என்றாள்.

"இவன்?"

"வேன் ஓட்ட ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாதா வூலா? கான்டிராக்டர்கிட்ட சொல்றேன். கண்டிச்சு வைப்பாரு." கத்தரிக்கோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொடிகளுக்குள் போய்விட்டாள்.

கண்டிச்சு வைப்பாரு. குத்தச் சொல்லாமல் குத்த வைத்தவன் கண்டிக்கப் போகிறான். வூலாவுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாய் வறண்டிருந்தது.

தெமி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைக்காமல் தரையில் போட்டான். "திருப்தியா மா?" என்றான்.

"இல்ல," என்றாள் அவள்.

மாலையில் அந்தப் பெண்கள் ஒருத்திகூட வேனில் ஏறவில்லை. வெயிலில் வரிசையாக நடந்தே விடுதிக்குப் போனார்கள். வேன் அவர்கள் பின்னால் காலியாக ஊர்ந்து போனதைக் கண்டதாகப் பாஸா வந்து சொன்னான்.

லெய்மாரா ஓய்வு நாளன்று கொட்டகைக்கு வந்தாள். வூலா புது வால்வு ஊசியைப் பொருத்தி, விரலை நாக்குக்குக் கொண்டுபோனாள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் லெய்மாரா.

விரல் பாதியில் நின்றது. சாவி காணாமல் போன அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"பட்டை வெச்சேனே, அதுக்கு முன்னாடி."

லெய்மாரா தலையை மெல்ல ஆட்டினாள். நீளவாக்கில் கிழித்த பட்டைகளையும் வெயிலைப் பற்றிச் சொன்னதையும் அவள் கோர்த்துப் பார்ப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு மேசை தள்ளிப் போகும்போது இருந்த முகம். அதை இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் பார்த்தாள். ஆனால் இப்போது காரணம் சாப்பாட்டு டப்பா இல்லை.

"கிழங்குக் கட்டி சாப்பிட்டீங்களா?"

"இல்ல. பாஸாவுக்குக் குடுத்துட்டேன்."

"நல்லவேளை," என்றாள் லெய்மாரா. பிறகு, "அந்த டப்பா ஒண்ணு எனக்கு வேணும். உப்புத்தாள், சொல்யூஷன், எல்லாம் போட்டு. இனிமே நானே ஒட்டிக்கிறேன்," என்றாள்.

வூலா பலகையின் அடியிலிருந்து தன் பழைய தகர டப்பாவை எடுத்தாள். சொல்யூஷன் புதிதாக ஒன்று போட்டாள். ஆணியிலிருந்த சாவியையும் கழற்றி அதற்குள் வைத்தாள். லெய்மாரா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சைக்கிளை அங்கேயே கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். உண்மையாகவே ஒரு பூனைத்தலை ஏறியிருந்தது அதில். வால்வு எங்கே என்று அவள் பார்க்கவில்லை. கை பட்ட இடத்திலிருந்து தடவினாள்.

"சொல்யூஷன் காயணும். அவசரப்படாத," என்றாள் வூலா.

"தெரியும்."

காற்று மேட்டுப் பக்கமிருந்து திரும்பியது. பாஸா எடைமேடையில் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பிற்பகலில் பல் மருத்துவரின் மகன் ஒல்லி வால்வுச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வால்வு வளையவில்லை, டியூபில்தான் ஓட்டை. வூலா சக்கரத்தைச் சுழற்றினாள். வால்வு மேலே வந்து நின்றது. கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனவள், ஊன்றாமல் எடுத்துவிட்டாள். மேலங்கியில் விரலைத் துடைத்தாள். சக்கரத்தைத் தள்ளி வால்வைக் கீழே அனுப்பினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து, எதையும் அளக்காமல், தடவ ஆரம்பித்தாள். முள் அகப்பட வெகுநேரம் ஆயிற்று.